முப்பதாம் நாள் இலையில் ஒரு சாசேஜ்

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சாசேஜ் மீது ஏன் அப்படி ஓர் ஆசை என்று அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன்.

"ஒத்தக் கையால திங்கலாம்டா. தட்டு வேணாம், உக்கார வேணாம். வண்டிய ஓரங்கட்டுனமா, நின்னுக்கிட்டே தின்னமா, கையப் பேன்ட்டுல தொடச்சமா, உதைச்சுக் கிளப்புனமான்னு போய்க்கிட்டே இருக்கலாம். தட்டு கழுவுற மொறை எவனுக்கும் வராது பாரு."

எங்கள் அறையில் தட்டு கழுவும் முறை அந்த வாரம் அவனுடையது. அந்தக் கடுப்பில்தான் சொன்னான் என்று நினைத்துச் சிரித்தேன்.

அண்ணன் குவைத்துக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் நான் வந்தேன். அவன் பைப்லைன் போடுகிற ஒரு கம்பெனியில் வெல்டர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பி.ஏ. முடித்திருந்ததால் அதே கம்பெனியில் எனக்கு டைம் கீப்பர் வேலை கிடைத்தது. அவனுக்கு வெயிலும் புகையும், எனக்கு ஏ.சி. போட்ட தகரப் பெட்டி ஆபீஸ். ஃபஹாஹீல் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய அரபி வீட்டில், முற்றத்தைப் பார்த்த அறையில், ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரும் ஒரே ஜில்லாக்காரர்கள். எங்களில் மூத்தவர் கொத்து வேலை மேஸ்திரி. சமையல் முறை, கடைச் சாமான், சண்டை சச்சரவு எல்லாம் அவர் பொறுப்பு. சுவரில் இருந்த முருகன் காலண்டரும் அவர் கொண்டுவந்ததுதான்.

வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்று விடியும்போதே அண்ணன் முற்றத்தில் வண்டியை உதைக்க ஆரம்பித்துவிடுவான். யாரோ ஊருக்குப் போகும்போது சும்மா தள்ளிவிட்டுப் போன பழைய ஜப்பான் வண்டி. பத்து உதைக்கு ஒருமுறை இருமும். "ஏலேய், அதுக்குக் கஷாயம் வச்சுக் குடுடா" என்று அறைக்குள்ளிருந்து யாராவது கத்துவார்கள். கடைசியில் கிளம்பிவிடும். கடலோர ரோட்டில் தெற்கே போய், கம்பெனியின் வெள்ளைக்காரர்களோடு சேர்ந்துகொள்வான். நாலைந்து பேர், எல்லோரிடமும் பெரிய வண்டிகள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் அண்ணனின் ஃபோர்மேன், ஜெர்மன்காரர், தாடி வைத்த மலை மாதிரி ஆள். ஆளில்லாத கடற்கரை வரைக்கும் போவார்கள். அங்கே தீ மூட்டி, சாசேஜ் சுட்டு, பிளந்த ரொட்டிக்குள் வைத்துத் தின்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் அண்ணன் சேர்ந்ததற்குக் காரணம் அடுப்பு. ஜெர்மன்காரர் கல் கூட்டிச் சிரமப்படுவதைக் கேள்விப்பட்டு, மிச்சமாய்க் கிடந்த பைப்புத் துண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கால் வைத்து, மேலே கம்பி வலை பற்றவைத்துக் கொடுத்தான். அவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை நீயும் வா" என்று சொல்லியிருக்கிறார். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வழியில் எவன் வண்டி நின்றுபோகிறதோ அவன்தான் அன்றைக்கு அடுப்பில் நிற்க வேண்டும். அண்ணன் வண்டி நிற்காத வெள்ளிக்கிழமை கிடையாது.

சாசேஜை ஜெர்மன்காரரே செய்வாராம். அந்த ஊரில் பன்றி கிடையாது. கறிக்கடையில் மாட்டுக்கறி வாங்கி, மல்லியும் மிளகும் இன்னும் என்னென்னவோ சேர்த்து அரைத்து, கழுவின ஆட்டுக்குடலில் அடைத்து, முறுக்கி முறுக்கிக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவாராம். இதெல்லாம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மத்தியானம் புகை வாசத்தோடு திரும்புவான். வாசலிலேயே மேஸ்திரி மறிப்பார்.

"வந்துட்டாருப்பா ஜெர்மன்காரரு. ஏய், சோத்துச் சட்டியத் தொடாத. மொதல்ல வாயக் கொப்பளி. தலைக்கு ஊத்து. அப்புறம் உள்ள வா."

"குளிச்சா வாசம் போயிரும்ணே."

"போகத்தான்டா சொல்றேன். முருகன் படம் இருக்கு."

"இன்னைக்கு ரெண்டுண்ணே. அந்தத் தோல் இருக்கு பாருங்க, பல்லு பட்டதும் டப்புன்னு வெடிக்கும். உள்ளருந்து சாறு ஒழுகும். மேல மஞ்சளா கடுகு விழுது…"

"சொல்லாதடா, எனக்கு வயித்தப் பெரட்டுது."

அண்ணன் வேண்டுமென்றே ஒரு ஏப்பம் விடுவான். எல்லோரும் சிரிப்பார்கள். ஜனவரிக் குளிரிலும் முற்றத்துக் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு பல் கிடுகிடுக்க உள்ளே வருவான். வந்ததும் இரண்டு தட்டுச் சோறும் மீன் குழம்பும் சாப்பிடுவான். "அம்புட்டயும் தின்னுட்டு வந்து எப்பிடிடா இது எறங்குது?" என்று மேஸ்திரி கேட்டால், "வண்டி ஓட்டுனா பசிக்கும்ணே" என்பான்.

என்னையும் கூட்டிப் போ என்று பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தான்.

"நீ படிச்ச பய. அவங்களோட இங்கிலீசுல கடகடன்னு பேச ஆரம்பிச்சிருவ. அப்புறம் என்னைய எவன்டா பாப்பான்?"

ஜூன் மாதம் ஒரு மத்தியானம், சைட்டில் வெல்டிங் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிப் பைப் மேல் உட்கார்ந்தானாம். தண்ணீர் கேட்டிருக்கிறான். பிக்கப்பில் ஏற்றி வைத்தியத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. தகவல் வந்து நான் ஓடியபோது ஜெர்மன்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் உடலோடு என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. என் பாஸ்போர்ட் இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதி முத்திரைக்காக அலுவலகத்தில் கிடந்தது. லீவில் ஊருக்குப் போக இருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவரோடு சவப்பெட்டி போனது. விமான நிலையத்தில் அந்தப் பெட்டியைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனபோது ஒரு சக்கரம் கீச் கீச்சென்று கத்தியது. எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும் என்று அண்ணன் இருந்தால் சொல்லியிருப்பான். என் மனதில் அது மட்டும்தான் ஓடியது.

ஊரில் கொள்ளியை யாரோ வைத்தார்கள். காரியத்தை யாரோ செய்தார்கள். நான் டியூட்டிக்குப் போய்வந்தேன்.

பிறகு ஒருநாள், லீவு முடிந்து திரும்பிய ஓர் ஆள் அம்மா பேசிய கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேஸ்திரியின் டேப் ரெக்கார்டரில் போட்டுச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். முதலில் கோழி கத்துவதும் "பேசுங்க, ஓடுது" என்று யாரோ சொல்வதும் கேட்டது. அப்புறம் அம்மா.

"தம்பி… சாப்புடுறியாய்யா? உடம்பப் பாத்துக்க. இங்க முப்பது கும்புட ஏற்பாடு பண்ணியிருக்கு. நீ அங்கயும் ஒரு எல போடுய்யா. அவன் மூச்சு விட்ட எடம் அது. இங்க நான் என்னத்த வைக்கிறது? சின்னப் புள்ளையில இருந்தத வச்சுக் கோழியும் முட்டையும் வைக்கிறேன். இத்தன வருசமா அங்க அவன் எத விரும்பித் தின்னான்னு எனக்குத் தெரியாதுய்யா. கூட இருந்தவன் நீதான். அவனுக்குப் புடிச்சதப் பாத்து வையி. வயிறு காஞ்சு போயிறப் போறான்."

அதற்கு மேல் அழுகைதான். மேஸ்திரி பொத்தானை அமுக்கி நிறுத்தினார்.

எங்கள் பக்கம் இறந்த முப்பதாம் நாள் கறி சமைத்துப் படைத்துக் கும்பிடுவார்கள். அன்று இறந்தவர்கள் வந்து சாப்பிடுவதாக நம்பிக்கை. நான் படித்தவன்தான், ஆனாலும் நம்பினேன். அம்மா குரலைக் கேட்ட பிறகு நம்பாமல் இருக்க முடியாது.

"செஞ்சுருவோம்" என்றார் மேஸ்திரி, மூக்கைச் சிந்திவிட்டு. "வெள்ளிக்கெழமதான் வருது. கோழிக் கொழம்பு நான் வைக்கிறேன். மீனு வறுத்துருவோம்."

"சாசேஜும் வைக்கணும்ணே" என்றேன்.

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் மெதுவாக, "வாஸ்தவந்தான. அதுக்குத்தான அவன் உசுர விட்டான்" என்று சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தை உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"செத்தவன் இப்ப சாமிடா தம்பி" என்றார் மேஸ்திரி. "சாமிக்குப் போயி மாட்டுக்கறி படைப்பியா?"

"உசுரோட இருக்கையில வாராவாரம் தின்னானே. நீங்கதான பாத்தீங்க?"

"உசுரோட தின்னது அவன் பாவம். செத்தப்புறம் வச்சா அது உன் பாவம்."

"எங்கம்மா அவனுக்குப் புடிச்சத வைக்கச் சொல்லுது. அவனுக்குப் புடிச்சது அதுதான்."

அவர் முருகன் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அறைக்குள்ள வேணாம். முத்தத்துல தனியா ஒரு எல போட்டுக்க. ஆனா ஒண்ணு. படைச்சத வீசக்கூடாது. ரத்த சொந்தந்தான் மொதல்ல எடுத்துத் திங்கணும். நீ திங்கலன்னா அவன் பட்டினியாத்தான் போவான். இங்க அவனுக்கு ரத்தம்னு நீ ஒருத்தன்தான் இருக்க. ரோசிச்சுக்க."

நான் அதுவரை மாட்டுக்கறி தொட்டதில்லை. "திங்கிறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பிக்கப்பில் கெஞ்சி ஏறி அந்தக் கடற்கரைக்குப் போனேன். நான்கு வண்டிகள் மணலில் சாய்ந்து நின்றன. அண்ணன் செய்த அடுப்பில் புகை வந்துகொண்டிருந்தது. அந்த அடுப்பை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். பற்றவைத்த இடம் விரலால் தடவினாலும் தெரியாத மாதிரி வழவழப்பாக இருந்தது.

என்னைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஜெர்மன்காரர் தானே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். எங்கள் வழக்கம், அம்மா கேட்டது, இலை, எல்லாம். எனக்கு இரண்டு சாசேஜ் வேண்டும் என்றேன்.

அவர் முகம் மாறியது. மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்துக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார்.

"உன் அண்ணனுக்கா?" என்று கேட்டார். "யுவர் பிரதர் சாசேஜ் மாஃபி. அவன் இதைச் சாப்பிட மாட்டான்."

எனக்குப் புரியவில்லை. வாராவாரம் சாப்பிட்டானே என்றேன்.

அவர் மெல்ல மெல்லச் சொன்னார். அவருடைய இங்கிலீஷும் அரபி கலந்த சைட் இங்கிலீஷ்தான். முதல் வெள்ளிக்கிழமை அண்ணன் ஒரு வாய் கடித்தானாம். உடனே வண்டிகளுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டான். அதை அவர் மட்டும் பார்த்திருக்கிறார். கடல் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்து, அவர் கையிலிருந்த இடுக்கியை வாங்கிக்கொண்டு, "நீ உட்கார், நான் சுடுகிறேன்" என்றானாம். அதற்குப் பிறகு ஒருநாளும் அவன் சாசேஜைத் தொட்டதில்லை. ரொட்டியைப் பிளந்து, கடுகு விழுதைத் தடவி, ஊறவைத்த வெள்ளரிக்காய் இரண்டு துண்டு வைத்து, மற்றவர்களைப் போலவே காகிதத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தின்பான். உனக்கு வேறு ஏதாவது கொண்டு வரட்டுமா, மீன் கொண்டு வரட்டுமா என்று அவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"அறையில் நாங்கள் எல்லோரும் அவன் சாப்பிடுவதாகத்தான்…" என்றேன்.

"தெரியும். சொல்லியிருக்கிறான். 'ரூம் ஆளுங்க என்னை ஜெர்மன்னு கூப்பிடுறாங்க' என்பான். சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

பெட்டி மேல் வந்து உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அவன் அள்ளி அள்ளித் தின்ற அந்த இரண்டு தட்டுச் சோறு ஞாபகம் வந்தது. என்னை ஏன் ஒருநாளும் கூட்டிவரவில்லை என்பதும் புரிந்தது. சமைத்துப் போட்டுவிட்டு, கறியில்லாத ரொட்டியைத் தின்றுவிட்டு, அரை வயிற்றோடு இந்த ரோட்டில் திரும்பி வந்திருக்கிறான். வரும்போது அந்தத் தோல் வெடிப்பதையும் சாறு ஒழுகுவதையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பான் போல.

ஜெர்மன்காரர் எதுவும் கேட்காமல் சாசேஜ் இரண்டு, ரொட்டி இரண்டு, சின்ன சீசாவில் கடுகு விழுது, வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் பொட்டலம் கட்டினார். தன் வண்டியில் ஏற்றி எங்கள் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அந்த ரோட்டில் போனது அதுதான் எனக்கு முதல் தடவை. காற்று முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. கண்ணீரைத் துடைக்க வேண்டிய வேலை இல்லாமல் அதுவே காய வைத்தது.

வழியெல்லாம் ஒரே யோசனை. மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார். "எம் புள்ள சுத்தமானவன்டா, தெரியாமப் போச்சே" என்பார். இலை முருகன் படத்துக்குக் கீழேயே விழும். நானும் மாட்டுக்கறி தின்ன வேண்டியதில்லை. ஆனால் அதோடு, டப்பென்று தோல் வெடிக்கக் கடித்துத் தின்கிற ஆள் இல்லாமல் போய்விடுவான். ஒரு வாய் தின்று வாந்தி எடுத்தவன்தான் மிஞ்சுவான். நாலு நாள் கழித்து அறையில் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்வார்கள், பாசத்தோடுதான். அண்ணனுக்கு என்று அந்த ஊரில் சொந்தமாக என்ன இருந்தது? ஒரு இருமல் வண்டி, அப்புறம் இந்தப் பேர். அந்தப் பேருக்காகக் குளிரில் குளித்திருக்கிறான். அதைப் போய் நான் பிடுங்குவதா?

அறைக்குள் மேஸ்திரி தன் இலையைப் போட்டு முடித்திருந்தார். வாழையிலைக்கு அங்கே எங்கே போவது, எவர்சில்வர் தட்டைத்தான் இலை என்போம். நான் முற்றத்தில், அண்ணன் வண்டி நின்ற நிழலில், இன்னொரு தட்டை வைத்தேன். ஒரு ரொட்டியைப் பிளந்து கடுகு விழுது தடவி வெள்ளரிக்காய் வைத்தேன். அது அவனுக்கு. பக்கத்தில் சாசேஜ் இரண்டையும் வைத்தேன். அது அறைக்கு. சூடம் காட்டினேன். படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பதுதான் வழக்கம், இறந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் என்று. முற்றத்துக்கு ஏது கதவு? நாங்கள் நான்கு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டோம்.

"போதும், சாப்பிட்டிருப்பான்" என்றார் மேஸ்திரி. "எடு தம்பி."

ரொட்டியை முதலில் எடுத்தேன். கடுகு மூக்கில் ஏறியது. முழுவதையும் தின்றேன். அப்புறம் சாசேஜ். ஆறிப்போயிருந்தது. தோல் வெடிக்கவில்லை, ரப்பர் மாதிரி இழுத்தது. உள்ளே உப்பும் கொழுப்பும். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினேன். இரண்டாவதையும் விழுங்கினேன். அவனால் முடியாததை அவன் பேரில் நான் தின்றுகொண்டிருந்தேன்.

"எப்பிடிடா இருக்கு?" என்று கேட்டான் ஒருவன்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"அதான பாத்தேன். சும்மாவா அந்தப் பய வாரந்தவறாம ஓடுனான்" என்றான். சொல்லிவிட்டு வண்டியின் சீட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

மேஸ்திரி மட்டும் அழவில்லை. குழாயைத் திறந்து வாளியை வைத்தார். "தலைக்கு ஊத்திட்டு உள்ள வா. சோறு போடுறேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவுக்குப் பதில் கேசட் பேசினோம். ரெக்கார்டரைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்; எங்கள் அறையில் அப்படித்தான், தனியாக யாரும் பேசுவதில்லை. என் முறை வந்தது. "அம்மா, இலை போட்டேன்மா. அண்ணனுக்குப் பிடிச்சத வச்சேன். நல்லா சாப்பிட்டிருப்பான்மா" என்றேன். ரெக்கார்டரை மேஸ்திரி பக்கம் நகர்த்தினேன். அவர் தொடர்ந்து பேசினார்.

அடுத்து வந்த கேசட்டில் அம்மா கேட்டாள்: "என்னய்யா வச்ச? பேரச் சொல்லு. இனிமே நானும் இங்க வைக்கணும்ல."

இன்னும் நான் பதில் சொல்லவில்லை. கேசட்டில் சொல்ல முடியாது. கடிதத்திலும் முடியாது, அம்மாவுக்குக் கடிதம் வாசித்துக் காட்டுகிறவர் எங்கள் ஊரிலேயே இருக்கிற மேஸ்திரியின் தம்பி. லீவு கிடைத்ததும் போய், ஆளில்லாத நேரம் பார்த்து, அவள் காதோடுதான் சொல்ல வேண்டும்: ரொட்டி, அரைத்த கடுகு, வெள்ளரிக்காய். கேட்டுவிட்டு, அவ்வளவுதானா என்பாள். இத்தனை வருஷம் என் பிள்ளை இதைத்தானா விரும்பித் தின்றான் என்பாள். அது அவனுக்குப் பிடித்ததா, இல்லை அதுவும் அந்த வெள்ளைக்காரர்களோடு நிற்பதற்காகத்தானா என்பது எனக்கே தெரியாது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.